அண்ணாவியாரின் பணி இன்று யாருக்கு?

(வாசிக்க வேண்டிய பகுதி: அப்போஸ்தலர் பணி 6:1-7)



இவ்வாரப் பாடத்துக்கு வேதாகமத்தில் ஏழே வசனங்கள். கட்டுரையைத் தொடர்வதற்கு முன் வீட்டில் ஒருவர் அவற்றை உரத்து வாசிக்க, மற்றவர்கள் கேட்பது நலம்.

யெருசலேம் சபையில் விசுவாசிகளின் தொகை பெருகியது. கூடவே முறுமுறுப்பும் எழுந்தது. புனித லூக்காஸ் இரண்டையும் ஒரே வசனத்தில் எழுதிவிடுகிறார். கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பங்கீட்டில் கவனிக்கப்படாமல் விடப்பட்டார்கள் என்பதே குறை. இவர்களுடைய குடும்பங்களிற் பல வெளிநாடுகளில் வாழ்ந்து யெருசலேமுக்குத் திரும்பியவை. கணவன் இறந்துவிட்டால் அவர்களுக்கு அந்நகரில் உறவினர் குறைவு. யாரோ வேண்டுமென்றே அவர்களை ஒதுக்கினார்கள் என்று நூல் சொல்லவில்லை. சனம் கூடிவிட்டது, பரிமாறியவர்களுக்கு எல்லா முகங்களும் பழக்கமில்லை, மொழியும் வேறு. அவ்வளவு போதும், ஒரு ஏழைப் பெண் பசியோடு வீடு திரும்புவதற்கு.

அப்போஸ்தலர்கள் இதைக் கேட்டு என்ன செய்தார்கள்? முறையிட்டவர்களை அடக்கவில்லை. எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்வதாக வாக்களிக்கவும் இல்லை. சபை முழுவதையும் கூட்டி, நற்பெயருள்ள ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பேருடைய பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பதைக் கவனியுங்கள். எந்தப் பகுதியிலிருந்து குறை எழுந்ததோ, அந்தப் பகுதியின் மொழி அறிந்தவர்களிடமே பொறுப்புக் கொடுக்கப்பட்டது போலத் தெரிகிறது. ஏழாம் வசனத்தில் சீடர்களின் தொகை மீண்டும் பெருகுகிறது.

இந்தப் பகுதியை முன்னேஸ்வரம், சிலாபம் தொடக்கம் கற்பிட்டி வரையுள்ள நமது கரையோரக் குடும்பங்கள் தங்களுக்கே எழுதப்பட்டதாக வாசிக்கலாம். நம்மிடத்திலும் தொகை பெருகியிருக்கிறது. மீன்பிடிப் பருவத்தோடு வாடிக்கு வந்துபோகும் குடும்பங்கள், தென்னந்தோட்டங்களிலும் இறால் பண்ணைகளிலும் வேலைக்கென வந்தவர்கள், போர்க்காலத்தில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கேயே நிலைத்துவிட்டவர்கள் என்று பல திசைகளிலிருந்தும் மக்கள் சேர்ந்திருக்கிறார்கள். மொழியும் இரண்டாயிற்று. கடந்த நூற்றாண்டில் நீர்கொழும்பு தொடங்கி இக்கரையோரத்தின் தமிழ்க் குடும்பங்கள் பல, பாடசாலை வழியாகச் சிங்களத்துக்கு மாறின. செபத்தைத் தமிழிலும் சந்தைக் கணக்கைச் சிங்களத்திலும் சொல்லும் பாட்டிமார் நம்மிடையே உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குச் செபமும் சிங்களத்திலேதான் வருகிறது.

இப்படிப் பெருகும் சபைக்காக நாம் எவ்வாறு செபிப்பது, எவ்வாறு ஊழியம் செய்வது என்பதே பாடம். இதற்குத் தூரதேசத்து உதாரணங்களைத் தேடுமுன் நமது மண்ணின் வரலாற்றைப் பார்ப்போம்.

இரண்டு விதமான வளர்ச்சி

முன்னேஸ்வரத்தில் நடந்ததைத் தயங்காமல் சொல்லவேண்டும். 1578ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் அங்கிருந்த புராதன சிவன் கோவிலை இடித்தார்கள். கோவிலின் உடைமைகள் இயேசு சபைக் குருக்களின் கைக்கு வந்தன. கோவிலின் அத்திவாரத்தின்மேல் கிறிஸ்தவச் சிற்றாலயம் ஒன்று எழுந்தது. ஊர் மக்கள் கோவிலைத் திருப்பிக் கட்டினார்கள். அது மறுபடியும் இடிக்கப்பட்டது. 1753இல் கண்டி அரசன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கனின் ஆதரவோடு மீண்டும் குடமுழுக்கு நடந்தது. இன்று அந்த இடத்தில் நிற்பது கோவில்தான், சிற்றாலயம் இல்லை.

அக்காலத்துக் குருக்கள் எல்லாரும் வாளை நம்பியவர்கள் என்று சொன்னால் அது அநியாயம். உண்மையான விசுவாசத்தை விதைத்த துறவிகளும் அவர்களுள் இருந்தார்கள். அந்த விசுவாசத்தின் பலனைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம். ஆயினும் பிறர் வழிபடும் இடத்தை இடித்து அங்கே நம் சிலுவையை நட்டது சுவிசேஷத்துக்கு ஒத்த செயலன்று. 2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், உண்மைக்கு ஊழியம் செய்வதாக எண்ணித் திருச்சபையின் மக்கள் கையாண்ட வன்முறைகளுக்காகத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் உரோமையில் பகிரங்கமாகக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டார். முன்னேஸ்வரத்தை அடுத்து வாழும் நாம் அந்த மன்னிப்புச் செபத்தில் 'ஆமென்' சொல்ல மற்றவர்களைவிடக் கூடிய காரணம் உள்ளவர்கள்.

பின்பு காலம் மாறியது. ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினார்கள். கத்தோலிக்கக் குருக்கள் நாடு கடத்தப்பட்டார்கள். குருவுக்கு மறைவிடம் கொடுப்பவருக்கு மரணதண்டனை என்று 1658இல் ஆணை பிறந்தது. 1687இல் புனித யோசப்வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் யாழ்ப்பாணக் கரையில் வந்து இறங்கும்வரை இருபத்தொன்பது ஆண்டுகள் இந்நாட்டுக் கத்தோலிக்கருக்கு நிலையான குரு ஒருவர்கூட இல்லை. ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, தானும் பிள்ளை பெறும் காலம் அது.

யோசப்வாஸ் அடிகளார் பிச்சைக்காரரைப் போல வீடு வீடாகச் சென்றார். கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு, அதைக் கண்டவுடன் யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்துக் கத்தோலிக்கரை இனங்கண்டார் என்பது நாம் சிறு வயதிலிருந்தே கேட்டுவரும் செய்தி. முகம் மாறுவதற்கு ஆட்கள் இருந்தார்களே, அதைக் கவனியுங்கள். இருபத்தொன்பது ஆண்டுகள் பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை. ஆயினும் செபமாலை என்னவென்று வீட்டார் அறிந்திருந்தார்கள். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

1690இல் அடிகளார் யாழ்ப்பாணத்தைவிட்டுப் புத்தளத்துக்கு வந்தார். புத்தளம் அப்போது ஒல்லாந்தரிடமன்றிக் கண்டி அரசனின் ஆட்சியில் இருந்தது. அங்கிருந்து 1692இல் கண்டிக்குப் போனபோது, போர்த்துக்கேயரின் ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறை வைக்கப்பட்டார். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி, நோயாளரை உறவினரே கைவிட்டு ஓடிய நாட்களில், அவர் வீதியில் கிடந்தவர்களைத் தூக்கிக் கழுவி உணவூட்டினார். இறந்தவர்களை அடக்கம் செய்தார். சமயம் பாராமல் செய்தார். 1711 சனவரி 16ஆம் நாள் அவர் இறந்தபோது இந்நாட்டில் ஏறத்தாழ 70,000 கத்தோலிக்கர் இருந்தனர் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. 2015 சனவரி 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்ததை உங்களில் பலர் நேரிற் கண்டிருப்பீர்கள்.

மூப்பரும் அண்ணாவியாரும்

ஒரு மனிதர் நாடு முழுவதும் கால்நடையாகத் திரிந்து இவ்வளவையும் செய்தாரா? 1696, 1697 வரை அவர் பெரும்பாலும் தனியே உழைத்தார். அதன் பின்னும் வந்து சேர்ந்த குருக்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே. ஓர் ஊருக்கு ஆண்டில் ஒருமுறை குரு வந்தால் அதுவே பெரிது. மீதி நாட்களில் சபையைத் தாங்கியவர்கள் இருவர்: மூப்பர், அண்ணாவியார்.

மூப்பர் ஆலயத்துக்கும் ஊர்ச் சபைக்கும் பொறுப்பாளி. பிணக்குகளைத் தீர்ப்பதும், குரு வரும் நாளில் யாருக்கு ஞானஸ்நானம், யாருக்கு விவாகம், எந்த வீட்டில் நோயாளி என்று அவருக்கு அறிவிப்பதும் அவர் வேலை. அண்ணாவியார் ஆசிரியர். (நாட்டுக்கூத்துப் பழக்குபவரையும் அண்ணாவியார் என்றே நாம் அழைப்பதை வாசகர் அறிவர்.) பிள்ளைகளுக்கு மந்திரங்களும் ஞானோபதேசமும் சொல்லிக் கொடுத்தல், ஞாயிறு தோறும் மக்களைக் கூட்டிச் செபம் நடத்தல், ஞான நூல் வாசித்தல், சாகுந்தறுவாயில் உள்ள சிசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தல், மரணப் படுக்கையில் இருப்பவரின் அருகிலிருந்து செபித்தல், இறந்தவரை அடக்கம் செய்தல் ஆகியவை அவருடையவை. இந்த இரு தமிழ்ச் சொற்களும் சிங்கள மொழிக்கும் சென்று 'மூப்புராள', 'அண்ணாவிராள' என வழங்கின என்றால், இரு மொழி மக்களுக்கும் அவர்கள் எவ்வளவு இன்றியமையாதவர்களாக இருந்தார்கள் என்பது விளங்கும்.

இவர்கள் கையில் இருக்கவே யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதினார். 1705இல் இலங்கைக்கு வந்த அவர் தமிழையும் சிங்களத்தையும் ஐயமறக் கற்று, இரு மொழிகளிலும் நூல் பல செய்து, 1742இல் இறந்து, நமக்கு அண்மையிலுள்ள போலவத்தையில் அடங்கினார். குரு இல்லாத ஞாயிறுகளில் அண்ணாவியார் மக்களுக்கு வாசிக்க நூல் வேண்டுமே என்பது அவருடைய எழுத்துக்கு ஒரு முக்கிய காரணம். தபசு காலத்தில் வியாகுலப் பிரசங்கத்தைக் கேட்டுக் கண்ணீர்விட்ட பாட்டன்மார், அந்தப் புத்தகம் இத்தகைய தேவையிலிருந்து பிறந்தது என்று அறிந்திருப்பார்களோ என்னவோ.

இதுவும் புதிதன்று. 1540களில் முத்துக்குளித்துறையில் புனித சவேரியார் ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்து, பிள்ளைகள் கற்றதை வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கச் செய்தார். கொரியாவில் சபையைத் தொடங்கியவர்களே பொதுநிலையினர்தாம். 1784இல் பீக்கிங்கில் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பிய ஒருவரும் அவருடைய நண்பர்களும் ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் குருவின்றி அதை வளர்த்தார்கள். யப்பானில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் குருவே இல்லை. 1865 மார்ச் 17ஆம் நாள் நாகசாக்கி நகரிற் புதிதாய்க் கட்டப்பட்ட ஆலயத்துக்கு வந்த சில கிராமத்தவர், தாங்களும் அதே விசுவாசத்தினர் என்று பிரெஞ்சுக் குருவிடம் இரகசியமாகச் சொன்னார்கள். அவர்களிடமும் ஊர் தோறும் ஞானஸ்நானம் கொடுப்பவர் ஒருவர், திருநாட்களைக் கணித்துச் சொல்பவர் ஒருவர் என்று முறை இருந்தது.

இப்போது நமது நிலையைப் பாருங்கள். குருக்கள் வந்தார்கள், கன்னியர் மடங்கள் எழுந்தன, பாடசாலைகள் தோன்றின. இவை யாவும் கடவுளின் கொடைகள், மறுப்பாரில்லை. ஆனால் அண்ணாவியார் செய்த பணிகள் ஒவ்வொன்றாகப் பங்கு மனைக்குப் போய்ச் சேர, பொதுநிலையினர் கையில் எஞ்சியது பெரும்பாலும் திருவிழாதான். கொடியேற்றம், நவநாள், வேஸ்பர், சுருவக் கூடு, ஒலிபெருக்கி, வெடி. இவற்றைச் செய்ய ஆள் குறைவதேயில்லை. யார் கூட்டைத் தூக்குவது என்று சண்டை பிடிக்கவும் ஆள் உண்டு. வாதத்தில் விழுந்து ஆறு மாதமாகப் படுக்கையில் கிடக்கும் ஒருவரைப் போய்ப் பார்க்கத்தான் ஆள் இல்லை. இது கசப்பான பேச்சாகத் தோன்றலாம். ஆனால் 2ஆம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18ஆம் நாள் பொதுநிலையினரின் அப்போஸ்தலத்துவம் பற்றித் தனி விதித்தொகுப்பொன்றை வெளியிட்டது. ஞானஸ்நானமும் உறுதிபூசுதலும் பெற்ற ஒவ்வொருவருக்கும் ஆண்டவரே இந்தப் பணியைக் கொடுக்கிறார் என்பது அதன் போதனை. 2021 மே 10ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ், உபதேசியார் பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணிகளுள் ஒன்றாக ஏற்படுத்தினார். நமது அண்ணாவிமார் மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் செய்ததற்கு மிகவும் நெருங்கிய பணி இது.

பெயர் சொல்லிச் செபித்தல்

முதலில் செபம். 'எங்கள் பங்கு வளரவேண்டும் ஆண்டவரே' என்று பொதுவாகச் செபிப்பதில் தவறில்லை. ஆனால் அது நம்மிடம் ஒன்றும் கேட்பதில்லை. கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் எப்பாப்பிரா என்பவர் அந்தச் சபைக்காகச் செபத்திலே போராடுகிறார் என்று புனித சின்னப்பர் குறிப்பிடுகிறார். எப்பாப்பிரா அவ்வூரவர், அம்மக்களை முகமறிந்தவர். சின்னப்பரே உரோமையருக்கு எழுதிய நிருபத்தை முடிக்கையில் ஒரு முழு அதிகாரத்தைப் பெயர்களுக்காகச் செலவிடுகிறார்: பெபேயாள், பிரிஸ்காள், ஆக்கிலா என்று நீண்டு போகிறது. வாசகம் வாசிக்கும் நம் பிள்ளைகள் அந்தப் பெயர்களில் தடுக்கி விழுவது வேறு விஷயம்.

பெயர் சொல்லிச் செபிக்க ஒரு வழியைப் பிரான்சு தேசத்துப் பெண்ணொருவர் காட்டினார். லியோன் நகரத்துப் பட்டுத் தொழிலதிபரின் மகளான போலின் ஜாரிக்கோ, 1822இல் மறைபரப்பு உதவிச் சபை உருவாகக் காரணமாயிருந்தவர். பத்துப் பேர் கொண்ட சிறு குழுக்கள். ஆளுக்கு வாரம் ஒரு சிறு காசும் நாள்தோறும் செபமும். பின்பு 1826இல் 'வாழும் செபமாலை' என்ற முறையைத் தொடங்கினார். பதினைந்து பேர் சேர்ந்து ஆளுக்கொரு தேவ இரகசியத்தை எடுத்துக்கொண்டு, நாளுக்குப் பத்து மணி மட்டும் சொன்னால், அக்குழுவில் நாள்தோறும் முழுச் செபமாலையும் நிறைவேறிவிடும். முழுச் செபமாலை சொல்ல நேரமில்லை என்று சொன்ன ஆலைத் தொழிலாளருக்கும் அது முடிந்தது. திருச்சபை 2022 மே 22ஆம் நாள் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தது.

2002இல் ஒளியின் தேவ இரகசியங்கள் சேர்ந்தபடியால் இன்று இருபது வீடுகள் வேண்டும். ஒரு ஒழுங்கையிலும் அடுத்த ஒழுங்கையிலுமாக இருபது வீடுகள் கிடைக்காதா? ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தேவ இரகசியம், அதனோடு ஒரு துண்டுக் கடதாசியில் இரண்டு மூன்று பெயர்கள். இந்த மாதம் பிறந்த குழந்தை, சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பவர், பூசைக்கு வராமல் நின்றுவிட்ட இளைஞன், கடலுக்குப் போய்த் திரும்பாதவரின் மனைவி, உங்கள் பங்குக் குரு. மாதம் முடிந்தால் துண்டுகள் வீடு மாறட்டும். இன்னாருடைய குடிப்பழக்கம், இன்னாருடைய குடும்பச் சண்டை என்று காரணத்தைத் துண்டில் எழுத வேண்டாம். பெயர் போதும், ஆண்டவருக்கு மீதி தெரியும். செபக்குழு வம்பளக்கும் இடமாவதைப் போல வேறெதுவும் சபையைக் கெடுப்பதில்லை.

மொழி? மங்கள வார்த்தைச் செபம் இயல்பாகவே இரு பகுதிகளாக அமைந்தது. முதற் பகுதியைப் பாட்டி தமிழில் சொல்ல, மறுபகுதியைப் பேரன் சிங்களத்தில் சொன்னால் தேவதாய்க்கு விளங்காமற் போகாது. இப்படிச் சொல்லும் வீட்டில் பேரனுக்குக் காலப்போக்கில் தமிழ்ச் செபமும் காதில் ஏறிவிடும். பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லை என்று சொல்லிக் குடும்பச் செபத்தையே கைவிட்டவர்கள் இதைச் செய்து பார்க்கலாம்.

ஒரு நிபந்தனை. காணிக்கையை நிறுத்திவிட்டுச் சகோதரனோடு முதலில் ஒப்புரவாகச் சொன்னவர் நம் ஆண்டவர். சென்ற திருவிழாவில் மனஸ்தாபப்பட்டு ஒரு ஆண்டாகப் பேசாமலிருக்கும் இரு வீட்டார் அதே இருபது வீடுகளுக்குள் இருந்தால், துண்டுகளில் அவர்கள் ஒருவர் பெயரை மற்றவர் பெறட்டும்.

கையால் செய்யும் ஊழியம்

செபித்த பெயர் நம்மை அந்த வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகும். அங்கே செய்யவேண்டியவற்றுள் சிலவற்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஏனெனில் இவற்றைப் பற்றித் தவறான எண்ணங்கள் நம்மிடம் அதிகம்.

சாகும் ஆபத்தில் உள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் குருவே வரவேண்டும் என்பதில்லை. திருச்சபைச் சட்டம் 861இன்படி, அவசர நிலையில் திருச்சபையின் கருத்துப்படி செய்யும் நோக்கமுடைய எவரும் கொடுக்கலாம். தாதியோ, தாயோ, அயலவரோ. வெறும் தண்ணீர் போதும். குழந்தையின் பெயரைச் சொல்லித் தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டே, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் கொடுப்பதாகச் சொல்லவேண்டும். பின்பு தாமதியாமல் பங்குக் குருவுக்கு அறிவித்துப் பதிவேட்டில் எழுதுவிக்க வேண்டும். பிள்ளை பிழைத்துக்கொண்டால் மறுபடி ஞானஸ்நானம் இல்லை. விடுபட்ட சடங்குகள் மட்டும் ஆலயத்தில் நிறைவேறும். ஒவ்வொரு ஒழுங்கையிலும் இதை அறிந்த இருவராவது இருக்கவேண்டும்.

நோயிற்பூசுதலுக்கும் இப்படியே. நமது முன்னோர் அதை 'அவஸ்தைப்பூசுதல்' என்றே அழைத்தபடியால், குரு எண்ணெய்ச் சிமிழோடு வந்தால் நோயாளி பயந்துவிடுவார் என்று கடைசி மூச்சுவரை காத்திருக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. 1972இல் திருத்தப்பட்ட சடங்குமுறை, கடுமையாக நோயுற்றவர்களுக்கும் முதுமையால் தளர்ந்தவர்களுக்கும் பெரிய சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் இதைக் கொடுக்கிறது. நோயாளி நினைவோடு இருந்து, தானும் பதில் சொல்லிப் பெறுவதல்லவா நல்லது? குருவை நேரத்தோடு அழைப்பது அயலவர் செய்யக்கூடிய பெரிய ஊழியம். அதேபோல 1973 தொடக்கம் தகுதியான பொதுநிலையினரும் நோயாளருக்கு நற்கருணை கொண்டுசெல்ல வழி திறந்திருக்கிறது. பங்கிலே அப்படிப்பட்டவர் இருந்தும், 'சுவாமிதான் வரவேண்டும்' என்று வீட்டார் திருப்பி அனுப்பினால், நோயாளி மாதத்துக்கொருமுறை மட்டும் நன்மை வாங்க நேரிடும்.

தாய் மத்திய கிழக்கில், தகப்பன் இத்தாலியில் அல்லது ஆழ்கடற் படகில் என்றிருக்கும் வீடுகள் நமது கரையில் எத்தனையோ. பிள்ளைகளைப் பாட்டி வளர்க்கிறார். முதல் நன்மைக்கு ஆயத்தம் செய்யும் ஆண்டில் அந்தப் பிள்ளையை மறைக்கல்வி வகுப்புக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டிவர அடுத்த வீட்டுக்காரர் ஒருவர் முன்வந்தால், அவர் அண்ணாவியாருடைய வேலையில் பாதியைச் செய்தவராவார். இத்தகைய வேலைகளைப் பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள். பெபேயாள் காலத்திலிருந்தே அப்படித்தான். 2021 சனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் வாசகர், பீடத்துணைவர் ஆகிய பணிகளை முறைப்படி பெண்களுக்கும் திறந்துவிட்டார் என்பதையும் இவ்விடத்தில் நினைவூட்டுகிறேன்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்கவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் 537. விசுவாசிகள் கொடுத்த காணிக்கைக்கு விசுவாசிகளிடமே கணக்குக் காட்டவேண்டும் என்று 1287ஆம் சட்டமும் சொல்கிறது. கணக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்கள், ஆசிரியர்கள் நம் பங்குகளில் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் இதைப் பொறுப்பேற்பது ஊழியமே. குருக்களாகிய எங்களுக்கும் அதனால் பாரம் குறையும். திருவிழாச் செலவின் பத்தில் ஒரு பங்கையாவது வின்சென்ட் டி போல் சபையின் பெட்டிக்குத் திருப்ப அந்தக் குழு துணிந்தால் இன்னும் நல்லது.

வேலிக்கு அப்பால்

நமது சபை பெருகும்போது அயலவர் அதை எப்படிப் பார்க்கிறார்கள் என்ற கேள்வியும் இந்தப் பாடத்துக்குள் அடங்கும். 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும் கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும் செபித்துக்கொண்டிருந்த நம் மக்கள் கொல்லப்பட்டார்கள். மட்டக்களப்பில் சீயோன் சபையினரும் பிள்ளைகளோடு மாண்டார்கள். மூன்று வாரங்களின் பின், மே மாதம் 12ஆம், 13ஆம் நாட்களில், சிலாபத்திலும் சுற்றுப்புறங்களிலும் முஸ்லிம் மக்களின் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. நமது மாவட்டத்தில் கொட்டாரமுல்லையில் ஒருவர் தமது வீட்டருகே கொல்லப்பட்டார். அந்தக் கும்பல்களில் யார் இருந்தார்கள் என்று விசாரிப்பது இப்பத்திரிகையின் வேலையன்று. அந்த நாட்களில் நம் வீடுகளில் என்ன பேசப்பட்டது என்பதை நாமறிவோம். பங்குக்காகச் செபிக்கும் துண்டுகளில் அடுத்த வேலிக்காரரின் பெயரும் இருக்கலாம். அவர் நம் பங்கினராக வேண்டும் என்பதற்காக அல்ல, அவர் சுகமாயிருக்க வேண்டும் என்பதற்காக.

முன்னேஸ்வரத்தில் ஆண்டுதோறும் ஆவணி மாதத்தையொட்டி இருபத்தெட்டு நாள் உற்சவம் நடந்து தெதுறு ஓயாத் தீர்த்தத்தோடு முடிகிறது. தமிழரும் சிங்களவரும் நெடுந்தூரத்திலிருந்து நடந்தும் வாகனங்களிலும் வருகிறார்கள். 1578ஐப் பற்றி அவர்களிடம் நாம் பிரசங்கம் செய்யத் தேவையில்லை. வெயிலில் வருபவர்களுக்குத் தெருவோரம் நமது இளைஞர் தண்ணீர் கொடுத்தால் யாரும் தவறாக எண்ணமாட்டார்கள். தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு மார்ச்சிலும் ஓகஸ்டிலும் போகும் நமது யாத்திரிகருக்கும் வழிநெடுகத் தண்ணீர் தருபவர்கள் எல்லாரும் கத்தோலிக்கர் அல்லர்.

வீட்டில் கலந்துபேச

இன்றிரவு செபத்துக்குப் பின் பின்வருவனவற்றைக் குடும்பமாகப் பேசுங்கள். நமது ஒழுங்கையில் மூன்று மாதத்துக்கு மேலாகப் பூசைக்கு வராதவர் யார், ஏன்? அவசர ஞானஸ்நானம் கொடுக்கும் முறை நம் வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாம் யாரோடு பேசாமலிருக்கிறோம்? நமக்குப் பின் இப்பகுதியில் குடிவந்த குடும்பத்தின் பெயர் என்ன, பிள்ளைகள் எத்தனை பேர், வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள்? கடைசிக் கேள்விக்கு விடை தெரியாதவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முன் போய்க் கேட்டு வாருங்கள்.